முடியாத ரோல்

35 மி.மீ. ஃபிலிம் ரோல் ஒன்றில் 36 படங்கள். கவனமாகச் சுற்றிப் போட்டால் 37, சில சமயம் 38 கூடத் தேறும். அதற்கு முந்தைய 120 ரோலில், அக்ஃபா கிளிக் போன்ற கேமராக்களில், சதுரமாக 12 படங்கள்தான். ரோலுக்கு ஒரு விலை, அதைக் கழுவ ஒரு விலை, பிரிண்டுக்குத் தனித்தனியே ஒரு விலை. தீபாவளிக்கு வாங்கிப் போட்ட ரோல் பொங்கல் வரைக்கும் கேமராவுக்குள்ளேயே இருக்கும். சில வீடுகளில் மாசித் திருவிழா வரை போகும். “எப்ப படம் வரும்?” என்று பிள்ளைகள் நச்சரித்தால், “ரோல் முடியட்டும்” என்பதே பதில். கழுவி வந்த கவரைப் பிரித்தால் முதலில் மத்தாப்பு, நடுவில் கரும்பு, கடைசியில் தேர். பாதி வருடம் ஒரு கவருக்குள் அடங்கியிருக்கும்.

இன்றைய செல்போனில் ரோல் என்பதே இல்லை. கல்யாணப் பந்தியில் இலை போட்டுப் பரிமாறி முடிப்பதற்குள் ஒரே ஆள் 36 படங்களைத் தாண்டிவிடுகிறார். அடுத்த படத்துக்கென்று தனியாக ஒரு பைசா செலவில்லை. இந்த ஒரு மாற்றத்திலிருந்துதான் மற்ற எல்லா மாற்றங்களும் வந்தன என்று எனக்குத் தோன்றுகிறது. எது படமாக வேண்டும், எது வேண்டாம் என்பதை அன்று விலை தீர்மானித்தது.

அந்த விலையால்தான் படமெடுப்பது ஒரு வைபவமாக இருந்தது. ஊருக்கு ஒன்றிரண்டு ஸ்டுடியோக்கள். உள்ளே நுழைந்ததும் சுவரில் ஒரு கண்ணாடி, அதன் கீழே சீப்பும் பவுடர் டப்பாவும். பின்னால் தொங்கும் திரையில் மாளிகைப் படிக்கட்டு அல்லது அன்னம் நீந்தும் ஏரி. பக்கத்தில் ஒரு உயர ஸ்டூல், அதன்மேல் பிளாஸ்டிக் பூச்சாடி. போட்டோகிராபர் வந்து மோவாயைத் தொட்டுத் திருப்புவார். “தலையைக் கொஞ்சம் இறக்குங்க… தோளை விடுங்க… அசையாம இருங்க.” படம் பிடித்தபின் சிவப்பு விளக்கு எரியும் இருட்டறையில் டெவலப்பர் தட்டு, தண்ணீர்த் தட்டு, ஹைப்போ தட்டு. அதற்குப் பிறகு ‘டச்சிங்’. கன்னத்துச் சுருக்கத்தின் நிழல் நெகட்டிவில் வெளிறித் தெரியும். கூரான பென்சிலால் அந்த இடத்தை மெல்லக் கறுப்பாக்கினால் பிரிண்டில் அது பக்கத்துத் தோலோடு சமமாகிவிடும். எந்தச் சுருக்கத்தை எடுக்கலாம், எதை எடுத்தால் ஆளே மாறிப்போவார் என்பது அந்தப் பென்சில்காரருக்குத் தெரியும். இன்றைய செல்போன் அந்த வேலையைக் கேட்காமலே செய்கிறது. அதன் அழகூட்டும் ஃபில்டருக்கு 6 வயதுக் கன்னமும் 60 வயதுக் கன்னமும் ஒன்றுதான்.

அந்த இருட்டறைகளில் புழங்கிய கறுப்பு வெள்ளை ஃபிலிமிலும் பிரிண்ட் தாளிலும் பல நம் ஊட்டியில் செய்தவை. 1960-ல் அரசு தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 1967-ல் உற்பத்திக்கு வந்தது. ‘இந்து’ என்ற பெயரில் அதன் ஃபிலிம் விற்றது. எக்ஸ்ரே ஃபிலிமும் அங்கிருந்து போனது. கலர் வந்து கறுப்பு வெள்ளைக்கு வேலை குறைந்ததும் ஆலை நலிந்தது, பின்னர் மூடப்பட்டது. ஊட்டியில் இந்து நகர் என்ற இடப்பெயர் இன்னும் இருக்கிறது.

வீட்டு ஆல்பங்களைப் புரட்டினால் அன்றைய கணக்கு கண்ணுக்குத் தெரியும். எங்கள் ஆல்பத்தில் அம்மா எல்லாப் படத்திலும் பட்டுப் புடவையில்தான் இருக்கிறாள். தினமும் கட்டிய நூல் புடவை ஒரு படத்தில்கூட இல்லை. ஒரு காலை நீட்டி ஒரு காலை மடக்கி ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்து, வலது கையால் குழவியைச் சுற்றிக்கொண்டே இடது கையால் மாவைத் தள்ளிவிட்ட அம்மா இல்லை. தறி நெய்து பிழைத்த சித்தப்பா தறியோடு இல்லை. சலவை மடிப்புக் கலையாத வேட்டியில், பெஞ்சின் ஓரத்தில், இரண்டு கைகளையும் முழங்கால் மீது வைத்தபடி இருக்கிறார். வேலை செய்யும் கை ஒன்றுகூட அந்த ஆல்பத்தில் கிடையாது. அடுக்களை கிடையாது, கிணற்றடி கிடையாது, கொல்லைப்புறம் கிடையாது.

இதற்கு விலையைத் தவிர வெளிச்சமும் ஒரு காரணம். கடையில் சாதாரணமாகக் கிடைத்த 100 வேக ஃபிலிமுக்குப் புகை படிந்த அடுக்களையின் ஒற்றை பல்பு போதாது. ஃபிளாஷ் போட்டால் முகம் வெளுத்து, பின்னால் எல்லாம் இருண்டுவிடும். ஆனால் வெளிச்சம் இருந்திருந்தாலும் எடுத்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். “அங்க என்ன இருக்கு படம் எடுக்க?” என்று அம்மாவே கேட்டிருப்பாள்.

விட்டுப்போனதன் கனம் சாவு வீட்டில் தெரியவரும். தாத்தாவோ பாட்டியோ போனபின் மாலை போடப் படம் தேடினால் இருக்காது. படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று கடைசிவரை ஒதுங்கியவர்களும் உண்டு. யாருடைய கல்யாணக் குரூப் போட்டோவிலாவது மூன்றாம் வரிசையில், முன்னால் நிற்பவரின் தோளுக்கு மேலே, பாதி முகம் கிடைக்கும். ஸ்டுடியோக்காரர் அந்தத் தலையை மட்டும் பிரித்துப் பெரிதாக்கி, மறைந்த கன்னத்தை வரைந்து, மங்கிய கண்ணைத் தெளிவாக்கி, கழுத்துக்குச் சங்கிலியும் போட்டு, சட்டம் அடித்துக் கொடுப்பார். முன்பே இறந்த மனைவியையும் பின்னால் போன கணவரையும் ஒரே படத்தில் சேர்த்துத் தருவதும் உண்டு. இறந்தவரை நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து எடுத்த படம்தான் அவருடைய ஒரே படம் என்ற வீடுகளும் இருந்தன. எழுபது வருடம் ஊரறிய வாழ்ந்தவர் ஒரு ஃபிரேமுக்குக்கூட வராமல் போயிருக்கிறார்.

மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. 1975-ல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவ் சாசன் செய்த முதல் டிஜிட்டல் கேமரா 10,000 புள்ளிகள் கொண்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கேசட் நாடாவில் பதிய 23 விநாடிகள் எடுத்துக்கொண்டது. 1997 ஜூனில் அமெரிக்காவில் ஃபிலிப் கான், பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து, அப்போதுதான் பிறந்த மகளின் படத்தைக் கைபேசி வழியே நண்பர்களுக்கும் உறவினர்களுக்கும் அனுப்பினார். 2000-ல் ஜப்பானில் ஷார்ப் கேமரா ஃபோன் கடைக்கு வந்தது. அதன் படத்தில் சுமார் 1,10,000 புள்ளிகள். நம் ஊர்களில் பலர் முதலில் கையில் பிடித்த நோக்கியா 6600 எடுத்த படத்தின் அளவு 640-க்கு 480, அதாவது மூன்று லட்சத்துச் சொச்சம் புள்ளிகள். இன்று மலிவான போனிலும் ஒரு கோடிக்கு மேல். கோடாக் 2012 ஜனவரியில் திவால் மனு கொடுத்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் டேட்டாவும் மலிவாகிவிட, எடுத்த படத்தை உடனே அனுப்பவும் காசு பார்க்க வேண்டியதில்லை என்றாயிற்று.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது இருட்டில் நடந்த மாற்றம். செல்போனின் சென்சார் விரல் நகத்தைவிடச் சிறியது; அதில் விழும் வெளிச்சம் கொஞ்சம்தான். அந்தக் குறையை ஈடுகட்ட, பட்டனை ஒரு தரம் தொட்டால் போன் அடுத்தடுத்துப் பல படங்களை எடுத்து, கை நடுக்கத்தைச் சரிசெய்து, ஒன்றாக அடுக்கி ஒரே படமாகத் தருகிறது. அடுக்களைக்குள் கேமரா நுழைந்தது இந்த வழியாகத்தான்.

சித்தியின் பேத்தி எடுத்த ஒரு படம் என்னிடம் இருக்கிறது. சித்தி மல்லிகை கட்டுகிறாள். முகம் ஃபிரேமில் இல்லை. மணிக்கட்டிலிருந்து கீழே மட்டும். நனைத்த வாழைநார் இடது கட்டைவிரலுக்கு அடியில் அழுந்தியிருக்கிறது. இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு, காம்போடு காம்பு சேர்ந்திருக்க, வலது கைவிரலில் சுருக்கு பாதி விழுந்து நிற்கிறது. மோதிரவிரலின் கணு வீங்கியிருப்பதால் மோதிரம் கழற்ற முடியாமல் சதைக்குள் பதிந்திருக்கிறது. புடவை, வீட்டில் கட்டும் சாயம் போன புடவை. தன்னைப் படமெடுத்தது சித்திக்கு அப்போது தெரியாது. அவளுடைய கல்யாணப் படமும் அறுபதாம் கல்யாணப் படமும் கூடத்தில் மாட்டியிருக்கின்றன; அவள் எப்படிப்பட்டவள் என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது இந்தக் கைகளைத்தான். 36 படம் உள்ள ரோலில் எந்தப் போட்டோகிராபரும் இதற்கு ஒரு ஃபிரேம் கொடுத்திருக்க மாட்டார்.

பொழுதுபோக்குகளிலும் இதே கதைதான், ஆனால் சற்று வேறு விதமாக. முதலில் கல்வெட்டு. 1858-ல் லின்னேயஸ் டிரைப் என்ற போட்டோகிராபர் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைப் படமெடுத்தார். காகித நெகட்டிவ்களிலிருந்து போட்ட 21 பிரிண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டி 19 அடிக்கும் மேல் நீளமான ஒரே படமாக்கினார். அதற்குப் பின்னும் கல்வெட்டு ஆர்வலர்களுக்கு மைப்படிதான் வழி: கல்லைத் தேய்த்துக் கழுவி, ஈரத்தாளை ஒற்றி, பிரஷால் தட்டி எழுத்துக் குழிக்குள் தாளை இறக்கி, மேலே மையொற்ற வேண்டும். தாள், மை, உதவிக்கு ஒரு ஆள், அரை நாள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வயல் நடுவே நடுகல் தேடிப்போகும் இளைஞர்கள் ஒரு போனால் படமெடுக்கிறார்கள், இன்னொரு போனின் டார்ச்சைக் கல்லை ஒட்டிப் பக்கவாட்டில் பிடிக்கிறார்கள். சாய்ந்து விழும் வெளிச்சத்தில் தேய்ந்த எழுத்தின் ஓரம் நிழல் கட்டி எழும்பும். படம் அன்று இரவே படிக்கத் தெரிந்தவருக்குப் போகிறது; காலையில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும் வந்துவிடுகின்றன. மைப்படியின் துல்லியம் இன்றும் தனிதான், ஆய்வுக்கு அதுவே ஆதாரம். ஆனால் கேட்பாரற்றுக் கிடந்த கல்லைத் தேடிப் போவோர் எண்ணிக்கை கூடியது செல்போனால்தான்.

காட்டுயிர்ப் படங்களில் முன்னோடி மா. கிருஷ்ணன் (1912–1996). வெவ்வேறு கேமரா, லென்ஸ் பாகங்களைத் தானே பொருத்தி ஒரு கருவி செய்து, அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்திருந்தார். கறுப்பு வெள்ளைதான். யானையின் நடையையும் மானின் நிற்பையும் மணிக்கணக்கில் பார்த்து மனத்தில் ஏற்றிக்கொண்டபின் எடுத்த படங்கள் அவருடையவை. செல்போன் இன்றும் அந்த இடத்துக்குப் போக முடியாது; தூரத்துப் பறவை அதில் ஒரு புள்ளியாகத்தான் விழும். ஆனால் அதே சிறிய சென்சார் அருகிலிருக்கும் பொருளுக்கு வரமாகிறது. சென்சார் சிறுத்தால் படத்தில் முன்னும் பின்னும் தெளிவாக விழும் ஆழம் கூடும். ஆகவே இலைக்கடியில் இருக்கும் சிலந்தி, சுவரில் ஒட்டிய அந்துப்பூச்சி, மழைக்குப் பின் எழும்பிய காளான் இவையெல்லாம் போன் பிடித்த கைகளுக்கு வசப்பட்டிருக்கின்றன. பெரிய லென்ஸ் வாங்க வழியில்லாத பள்ளி மாணவர்களும் வாத்தியார்களும் தங்கள் தெருவின் பூச்சிகளைப் பட்டியல் போடுகிறார்கள். ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் படத்தை இட்டால் எங்கோ இருக்கும் ஒருவர் பெயர் சொல்கிறார். 2015 முதல் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கும் போன்தான் நோட்டுப் புத்தகம். தமிழ் மறவன் வண்ணத்துப்பூச்சியை அரசு 2019-ல் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தபோது, அதை அடையாளம் காணக்கூடியவர்கள் ஏற்கெனவே ஒரு கூட்டமாக இருந்தார்கள்.

மார்கழிக் கோலத்தில் மட்டும் எனக்கு ஒரு குறை உண்டு. அன்று பெண்களிடம் கோல நோட்டு இருந்தது. “15 புள்ளி, ஊடுபுள்ளி, 8-ல் நிறுத்தவும்” என்று மேலே எழுதி, கீழே பென்சிலால் புள்ளியும் கம்பியும் வரைந்திருப்பார்கள். வாசலில் போட்ட கோலம் பகலுக்குள் மிதிபட்டு அழிந்துவிடும். நோட்டில் அதன் முறை இருக்கும். இன்று போனில் கோலமே இருக்கிறது, வண்ணத்தோடு, பரங்கிப்பூவோடு. புள்ளியின் கணக்கும் கம்பி எங்கே தொடங்கியது என்பதும் அதில் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் அதைப் பார்த்துப் போட உட்கார்ந்தால் புள்ளிகளை எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பழைய படத்துக்குப் பின்பக்கம் இருந்தது. திருப்பினால் ஊதா மையில் தேதி, ஊர், ‘இடமிருந்து வலம்’ என்று பெயர்கள். பெயர் தெரிந்த கடைசி ஆள் போனபின்னும் அந்த எழுத்து பேசியது. போன் எடுக்கும் படத்துக்குள்ளும் தேதி, மணி, இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை வரை பதிவாகின்றன. அந்த அளவில் அது பின்பக்கத்தைவிடத் துல்லியம். ஆனால் வழக்கமான முறையில் வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது அந்த விவரங்கள் உதிர்ந்துவிடுகின்றன. படமும் நீளப்பக்கம் ஏறத்தாழ 1600 புள்ளிகளாகச் சுருங்கிப்போகிறது. நம் வீடுகளில் இன்று இருக்கும் படங்களில் பெரும்பகுதி இப்படிக் கைமாறி வந்தவை. நிற்பவர் யார் என்று எங்கேயும் எழுதியிருக்காது.

இன்னொன்று பூட்டு. பழைய படங்கள் கிடந்த டிரங்குப் பெட்டிக்கும் பூட்டு உண்டு, ஆனால் சாவி பக்கத்திலேயே ஆணியில் தொங்கும். நினைத்தபோது யாரும் எடுத்துப் பார்க்கலாம். எங்கள் உறவில் ஒருவர் திடீரென்று போய்விட்டார். அவர் போனின் லாக் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. தோட்டத்து ரோஜாவை மொட்டிலிருந்து உதிரும் வரை தினமும் படமெடுத்து வைத்திருந்தார் என்று அவர் மனைவி சொன்னார். போன் அலமாரியில் இருக்கிறது. படங்கள் அதற்குள் இருக்கின்றன.

இவற்றைவிடப் பெரிதாக ஒன்று நடக்கிறது. 2015-ல் கூகுள் போட்டோஸ் வந்தபோது எவ்வளவு படம் வேண்டுமானாலும் இலவசமாக வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது. 2021 ஜூன் 1 முதல் புதிதாகச் சேர்க்கும் படங்கள் 15 ஜிபி என்ற பொதுக் கணக்குக்குள் வந்தன. அதற்குமேல் மாதவாடகை. போனிலும் ‘இடம் இல்லை’ என்ற எச்சரிக்கை அடிக்கடி வருகிறது. உடனே உட்கார்ந்து அழிக்கிறோம். எதை அழிக்கிறோம் என்று பார்த்தால், கல்யாணப் படத்தை யாரும் அழிப்பதில்லை. பிறந்தநாள் கேக் பத்திரமாக இருக்கிறது. போவதெல்லாம் வாழைப்பூ ஆய்ந்த கை, மழையில் நனைந்த சைக்கிள், திண்ணையில் தூங்கிப்போன தாத்தா. எடுக்கும்போது கொடுத்த விலையை இப்போது வைத்திருக்கக் கொடுக்கிறோம். சாதாரண நாள் அன்று கேமராவுக்குள் நுழையவில்லை. இன்று நுழைந்துவிட்டு முதல் ஆளாக வெளியேற்றப்படுகிறது. காகிதத்தில் போனவை நிலைத்திருக்கின்றன: புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடிச் சேர்த்துப் பதிவுசெய்தபோது, நூறு ஆண்டைத் தொட்ட பிரிண்டுகளும் கிடைத்தன. 2008-ல் ஒரு நோக்கியாவில் எடுத்த படத்தை இன்று எத்தனை வீடுகளில் காட்ட முடியும்?

ஸ்டுடியோக்கள் எங்கள் பக்கம் இன்னும் இருக்கின்றன. ஏரியும் அன்னமும் போய், பாஸ்போர்ட் படத்துக்கான வெள்ளைத் திரை வந்திருக்கிறது. இருட்டறை இருந்த இடத்தில் கம்ப்யூட்டரும் பிரிண்டரும். சாவு வீட்டிலிருந்து இப்போதும் ஆள் வருகிறார்கள், கையில் போனோடு. யாரோ ஒரு வளைகாப்பில் எடுத்த கூட்டப் படம். அதில் ஓரமாக நிற்கும் பெரியம்மாவைத் தனியாக 12-க்கு 18 அங்குலத்தில் வேண்டும் என்கிறார்கள். அந்த அளவு தெளிவாக வர நீளப்பக்கத்தில் 5000 புள்ளிகளுக்கு மேல் இருந்தால் நல்லது. வந்திருக்கும் படத்தில் அந்த முகத்துக்கு 200 புள்ளிகள்கூடத் தேறாது. “நெகட்டிவ் இருக்கா?” என்று அன்று ஸ்டுடியோக்காரர் கேட்ட அதே கல்லாவில் உட்கார்ந்து அவர் மகன் கேட்கிறார்: “இது ஃபார்வர்டுல வந்தது சார். ஒரிஜினல் யாருகிட்ட இருக்கு? டாக்குமெண்டா அனுப்பச் சொல்லுங்க.” வந்தவர் வாசலில் நின்று ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறார். வளைகாப்புக்கு வந்திருந்த அக்கா மகள்தான் எடுத்தாள் என்று நான்காவது ஆள் சொல்கிறார். அவளைக் கூப்பிட்டால், “அந்த போனை எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துட்டேனே மாமா” என்கிறாள். கடைசியில் 5-க்கு 7 அளவில், கன்னத்தையும் கண்ணையும் கம்ப்யூட்டரில் கொஞ்சம் திருத்தி, ஸ்டுடியோக்காரர் பிரிண்ட் போட்டுக் கொடுக்கிறார்.